பிஜிபி ரூட்டிங் பாலிசி: வெளியே என்ன சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்குங்கள்

ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் போன மாதம் எங்கள் குழுவில் சேர்ந்தார். ஓஎஸ்பிஎஃப் (ஒரே நிறுவனத்தின் ரூட்டர்களுக்குள் வழி தேடும் முறை) நன்றாகத் தெரியும், ஸ்விட்ச் வேலையில் கை பழகியவர். நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி மட்டும் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. முதல் வாரத்திலேயே சோதனை ரூட்டரில் ஒரு நெய்பரை (பிஜிபி பேசும் மறுபக்க ரூட்டரை) ஏற்றிவிட்டு, "அண்ணே, எஸ்டாப்ளிஷ்ட் என்று காட்டுகிறது, இணைப்பு ஏறிவிட்டது. வேலை முடிந்ததா?" என்று கேட்டார். முதலில் அந்த நெய்பரை ஷட் செய்யச் சொன்னேன், அதாவது மூடச் சொன்னேன். அப்புறம் இருவரும் தேக்கா உணவங்காடிக்குப் போய், தே ஹாலியா வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் படம் வரைந்தோம். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ரூட்டர் கட்டளைகளை நான் இங்கே தரவில்லை. சிஸ்கோவில் ரூட்-மேப், ஜூனிப்பரில் பாலிசி-ஸ்டேட்மென்ட் என்று ஒவ்வொன்றின் வடிவமும் வேறு. அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் ஒரு வரியாகச் சொல்ல முடியாத பாலிசி, ரூட்டரிலும் சரியாக வராது என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு தாள்

பிஜிபி என்பது தனித்தனி நிர்வாகத்தில் இருக்கும் நெட்வொர்க்குகள், "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை. டிசிபி 179ஆம் போர்ட்டில் பேசும். ஓஎஸ்பிஎஃப் போலக் குறைந்த செலவுள்ள வழியைக் கணக்குப் போட்டுத் தேடாது. யாரிடம் கேட்டதை நம்புவது, எதை விரும்புவது, யாரிடம் எதைச் சொல்வது என்று நீங்கள் எழுதி வைப்பதைத்தான் பின்பற்றும். அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர் ரூட்டிங் பாலிசி.

சிங்கப்பூரில் இதைக் கவனமாகக் கற்க ஒரு காரணம் உண்டு. சாங்கி, தானா மேரா, துவாஸ் பக்கங்களில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2002இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கேபிள் இங்கிருந்து நேராகச் சென்னைக்குப் போகிறது. இங்குள்ள டேட்டா சென்டர்களில் பெரிய நெட்வொர்க்குகள் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருக்கின்றன. சின்ன நிறுவனம்கூட ஒரே கட்டடத்தில் இரண்டு அப்ஸ்ட்ரீம் (நமக்கு இணைய இணைப்பு விற்கும் நிறுவனம்) எடுத்து, நெட்வொர்க்குகள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ளும் இடமான எஸ்ஜிஐஎக்ஸ் அல்லது ஈக்வினிக்ஸ் எக்ஸ்சேஞ்சிலும் சேர்ந்துவிடலாம். நல்ல வசதிதான். நாம் தவறாகச் சொல்லும் ஒரு ரூட் (வழி அறிவிப்பு) வெகுதூரம் போவதற்கும் அதே வசதி இருக்கிறது.

நம் உதாரண நிறுவனத்தின் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) 64500, முகவரி 203.0.113.0/24. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் முகவரித் தொகுதியின் அளவைக் காட்டும், எண் பெரிதானால் தொகுதி சிறிது. முதல் அப்ஸ்ட்ரீம் 64501, இரண்டாவது 64502. எக்ஸ்சேஞ்சில் ஒருவர் சொல்லும் ரூட்டுகளை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ரூட் சர்வர் 64505. நம்மிடம் இணைப்பு வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர், எண் 64510, முகவரி 198.51.100.0/24. இவை எல்லாம் ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உண்மையான ரூட்டரில் இவற்றைப் போடாதீர்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் உண்மையான எண்ணும் முகவரியும் அவற்றை ஒதுக்கும் அமைப்பான ஏப்னிக் வழியாகக் கிடைக்கும்.

தாளின் நடுவில் நம் ரூட்டரை வரைந்து, ஒவ்வொரு நெய்பர் பக்கத்திலும் உறவை எழுதுங்கள். யார் நமக்குக் காசு தருகிறார், யாருக்கு நாம் காசு தருகிறோம், யாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் பரிமாறிக்கொள்கிறோம்? வாடிக்கையாளர், அப்ஸ்ட்ரீம், பியர் என்று மூன்றே உறவுகள். விதியும் சுருக்கமானது. வாடிக்கையாளரிடம் கேட்ட ரூட்டை எல்லாரிடமும் சொல்லலாம். அப்ஸ்ட்ரீமிடமோ பியரிடமோ கேட்டதை வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்ல வேண்டும். இன்னொரு அப்ஸ்ட்ரீமிடமோ இன்னொரு பியரிடமோ சொல்லவே கூடாது.

இந்த இரண்டாவது பாதியை மீறியதால் நடந்ததற்கு 2019 ஜூன் 24 நல்ல சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய இணைய நிறுவனம், தன் உள்பயன்பாட்டுக்காகத் துண்டாக்கிய ரூட்டுகளைத் தன் வாடிக்கையாளருக்குச் சொன்னது. அந்த வாடிக்கையாளர் ஓர் உலோக நிறுவனம். அவர்களுக்கு இரண்டாவது அப்ஸ்ட்ரீமாக வெரைசன் இருந்தது. ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொன்னார்கள், வெரைசன் வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டது. கிளவுட்ஃபிளேர், அமேசான் உள்ளிட்ட பெரிய சேவைகளுக்குப் போக வேண்டிய டிராஃபிக் அந்த உலோக நிறுவனத்தின் இணைப்புக்குள் புக முயன்றது. இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருக்கும் சாதாரண நிறுவனம், அவ்வளவுதான். நம் உதாரண நிறுவனமும் அதேதான்.

பாலிசி இல்லாத நெய்பர் என்ன செய்வார்?

இது ரூட்டருக்கு ரூட்டர் மாறும். பழைய சிஸ்கோ ஐஓஎஸ், பாலிசி இல்லையென்றால் வருவதை எல்லாம் ஏற்கும், சிறந்த ரூட்டுகளை எல்லாம் வெளியே சொல்லும். ஜூனிப்பரிலும் இயல்பாக அப்படித்தான். ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் நேர்மாறு: பாலிசி எழுதாத வெளி நெய்பரிடம் எதையும் ஏற்காது, எதையும் சொல்லாது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம் எல்லாரும் இந்த இரண்டாவது முறைக்கு வர வேண்டும் என்கிறது. எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் 7.4 பதிப்பிலிருந்து அப்படி மாறிவிட்டது. அதில் நெய்பர் ஏறியும் ஒரு ரூட்கூட வரவில்லை என்று புதியவர்கள் குழம்புவார்கள். அது பழுதில்லை, பாலிசிக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் ரூட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த வகையாக இருந்தாலும் நெய்பரை ஷட் நிலையில் உருவாக்கி, இரண்டு பக்கப் பாலிசியையும் மாட்டி, அப்புறம்தான் திறக்க வேண்டும்.

வெளியே போகும் பாலிசி

பெரும்பாலான பாடங்கள் உள்ளே வருவதில் தொடங்கும். நான் தம்பியை வெளியே போவதில் தொடங்கச் சொன்னேன். உள்ளே வருவதில் தவறினால் பாதிப்பு பெரும்பாலும் நமக்கு. வெளியே சொல்வதில் தவறினால் நம்மை அறியாத யாரோ ஒருவருக்குப் பாதிப்பு. அதனால் முதல் கவனம் அதற்குத்தான்.

முதலில் நம் 203.0.113.0/24 ரூட்டரில் உருவாக வேண்டும். 'நல்' (null, வருவதை அப்படியே கைவிடும்) இன்டர்ஃபேஸுக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் ரூட்) போட்டு, அதை பிஜிபியில் சேர்க்கும்போதே ஒரு கம்யூனிட்டி முத்திரை குத்திவிடுங்கள். கம்யூனிட்டி என்பது ரூட்டோடு ஒட்டிப் போகும் அடையாள எண். நாங்கள் இப்படி வைத்தோம்:

64500:10 – நம் சொந்த ரூட்
64500:100 – வாடிக்கையாளரிடம் கேட்டது
64500:200 – பியரிடம் கேட்டது
64500:300 – அப்ஸ்ட்ரீமிடம் கேட்டது

இதன் பிறகு அப்ஸ்ட்ரீமுக்கும் பியருக்கும் போகும் பாலிசி மூன்று வரிதான்:

வரி 10: முத்திரை 64500:10, முகவரி "நம்-பட்டியல்" உள்ளே – அனுப்பு
வரி 20: முத்திரை 64500:100, முகவரி "வாடிக்கையாளர்-பட்டியல்" உள்ளே – அனுப்பு
வரி 30: மற்ற எல்லாம் – நிறுத்து

முத்திரை, முகவரிப் பட்டியல் இரண்டையும் ஏன் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பட்டியலை மட்டும் வைத்தால், அதே 198.51.100.0/24 ரூட் வாடிக்கையாளரின் லைன் விழுந்த நேரத்தில் அப்ஸ்ட்ரீம் வழியாக நமக்கு வரலாம். அதை நாம் இன்னொரு அப்ஸ்ட்ரீமிடம் நம்முடையது போலச் சொல்லிவிடுவோம். முத்திரையை மட்டும் வைத்தால், உள்ளே வரும் பாலிசியில் ஒரு முத்திரை தவறினாலும் கதவு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு தவறை இன்னொன்று பிடிக்கும்.

வரி 30ஐ எழுதாவிட்டாலும் ரூட்-மேப்பின் முடிவில் மறைவாக "நிறுத்து" இருக்கும். ஆனாலும் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் கான்ஃபிகரேஷனைப் படிக்கும் இன்னொருவருக்கு அது உதவும். நிபந்தனையே இல்லாத "அனுப்பு" வரி எல்லாவற்றையும் அனுப்பும் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு நிறுவனத்தில், பராமரிப்பு இரவு ஒன்றில் வெளியே போகும் பாலிசியை மாற்றினேன். பட்டியலின் பெயர் ஒரு மாதிரி, பாலிசியில் நான் அடித்த பெயர் ஓர் எழுத்து வேறு. இல்லாத பட்டியலைக் கேட்டதும் அந்த ரூட்டர் "எல்லாமே பொருந்துகிறது" என்று எடுத்துக்கொண்டது. ஓர் அப்ஸ்ட்ரீமிடம் கேட்ட ரூட்டுகள் மொத்தமும் மற்றவரிடம் போகத் தொடங்கின. அந்தப் பக்கத்தில் எங்களுக்கு மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸ் வரம்பு, அதாவது எங்களிடம் இத்தனை ரூட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்ற வரம்பு, வைத்திருந்தார்கள். வரம்பு தாண்டியதும் அவர்கள் ரூட்டரே இணைப்பை அறுத்துவிட்டது. சில நிமிடத்தில் அவர்கள் இரவுப் பணியாளர் பொறுமையாக அழைத்து, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். அவர்கள் வைத்த அந்த ஒரு வரியால்தான் சேதம் எங்களோடு நின்றது. அன்றிலிருந்து பட்டியல் பெயர்களை நான் கையால் அடிப்பதில்லை, நகல் எடுத்துத்தான் ஒட்டுவேன். இல்லாத பட்டியலை உங்கள் ரூட்டர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதைச் சோதனைக் கூடத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். சில ரூட்டர்கள் நேர்மாறாக எதையும் அனுப்பாது.

முத்திரை பற்றி இரண்டு குறிப்புகள். சிஸ்கோ ஐஓஎஸ் கம்யூனிட்டியைத் தானாக நெய்பருக்கு அனுப்பாது. சென்ட்-கம்யூனிட்டி என்று தனியாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் இரண்டு ரூட்டர் இருந்து, அவற்றுக்கு இடையே இதை மறந்தால், வாடிக்கையாளரின் ரூட் இரண்டாவது ரூட்டருக்கு முத்திரை இல்லாமல் போய்ச் சேரும், அங்கிருந்து வெளியே போகாது. இரண்டாவது குறிப்பு, இப்போது புதிதாகக் கிடைக்கும் ஏஎஸ் எண்கள் பெரும்பாலும் 65535ஐத் தாண்டியவை. அவை பழைய இரண்டு பகுதிக் கம்யூனிட்டியில் அடங்காது. 2017இல் வந்த லார்ஜ் கம்யூனிட்டி மூன்று பகுதி கொண்டது. 65540:1:100 என்பது போல எழுதலாம்.

உள்ளே வரும் பாலிசி

எந்த நெய்பராக இருந்தாலும் முதலில் கழிக்க வேண்டியவை ஒன்றே. 64500 என்று தொடங்கும் முத்திரையோடு வெளியிலிருந்து வரும் ரூட்டில் அந்த முத்திரையை அழித்துவிடுங்கள். நம் முத்திரையை நாம் மட்டுமே குத்த வேண்டும். அடுத்து நம் 203.0.113.0/24 முகவரியை யார் வெளியிலிருந்து சொன்னாலும் நிறுத்துங்கள். பிறகு பொது இணையத்தில் வரவே கூடாதவை: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 224.0.0.0/4, 240.0.0.0/4 ஆகியவையும் அவற்றுக்குள் அடங்கும் துண்டுகளும். நம் உதாரண முகவரிகளும் உண்மையில் இந்தப் பட்டியலில் சேர்பவைதான். /25 முதல் /32 வரையான சிறு துண்டுகளையும் நிறுத்துங்கள். டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத எல்லா முகவரிக்கும் பொதுவான ஒரே ரூட்டை) நீங்கள் கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சின் சொந்த லேன் முகவரி பிஜிபியில் வந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அடுத்து ஆர்பிகேஐ, அதாவது ஒரு ரூட்டைச் சொல்பவருக்கு அதற்கு உரிமை உண்டா என்று சரிபார்க்கும் முறை. முகவரிக்கு உரியவர் "இந்த முகவரியை இந்த ஏஎஸ் எண் மட்டும் சொல்லலாம், இந்த நீளம் வரை சொல்லலாம்" என்று கையெழுத்திட்டு வைக்கும் ஆவணம் ஆர்ஓஏ. ஒரு வேலிடேட்டர் மென்பொருள் இவற்றைச் சரிபார்த்து ரூட்டருக்குத் தரும். ரூட்டர் ஒவ்வொரு ரூட்டையும் வேலிட், இன்வேலிட், நாட்-ஃபவுண்ட் என்று பிரிக்கும். இன்வேலிடை நிறுத்துங்கள். நாட்-ஃபவுண்டை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆர்ஓஏ போடாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படியே நம் முகவரிக்கும் ஏப்னிக்கின் மைஏப்னிக் தளத்தில் ஆர்ஓஏ போட்டுவிடுங்கள். அதிகபட்ச நீளத்தை, நீங்கள் உண்மையில் சொல்லப் போகும் நீளத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இப்படிச் சரிபார்ப்பதன் தேவை 2008 பிப்ரவரி 24 அன்று எல்லாருக்கும் புரிந்தது. யூடியூப் 208.65.152.0/22 என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்று உருவாக்கிய ரூட், அதன் அப்ஸ்ட்ரீம் வழியாக வெளியே கசிந்தது. ரூட்டர் எப்போதும் நீளமான பொருத்தத்தையே எடுக்கும். /24 முன்னால் /22 நிற்காது. யூடியூப் உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. அந்த அப்ஸ்ட்ரீம் தன் வாடிக்கையாளரின் முகவரிப் பட்டியலைச் சரிபார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

அதனால்தான் வாடிக்கையாளர் பாலிசி மற்றவற்றைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். 64510இடமிருந்து 198.51.100.0/24 மட்டும், ஏஎஸ் பாத் (ரூட் கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசை) 64510 என்று மட்டும் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், வேறு எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் பக்கத்தில் யாரோ ஒரு புதியவர் நாளைக்கு இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வாங்கி, பாலிசி இல்லாமல் ஏற்றக்கூடும். அவருக்கும் சேர்த்துத்தான் நாம் இந்த வரியை எழுதுகிறோம்.

மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸ் வரம்பை எல்லா நெய்பருக்கும் போடுங்கள். ஒரு பியர் வழக்கமாக 40 ரூட் சொல்கிறார் என்றால் 100 வைக்கலாம். வாடிக்கையாளருக்கு 5 போதும். முழு அட்டவணை (இணையத்தின் எல்லா ரூட்டுகளும்) தரும் அப்ஸ்ட்ரீமுக்கு, இப்போது ஐபிவி4 அட்டவணையே 900,000 ரூட்டுகளைத் தாண்டிவிட்டதால், அதற்கு ஏற்ற இடைவெளி விட வேண்டும். உங்கள் ரூட்டரால் அத்தனையையும் தாங்க முடியுமா என்றும் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 512,000ஐத் தொட்டபோது, அந்த அளவோடு நின்றிருந்த பழைய ரூட்டர்கள் பல இடங்களில் திணறின. தாங்காது என்றால் அப்ஸ்ட்ரீமிடம் டிஃபால்ட் ரூட் மட்டும் கேட்டு வாங்குவது நல்ல வழி, அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

ரூட் சர்வரில் ஒரு சிறு சிக்கல் வரும். அது தன் 64505 எண்ணை ஏஎஸ் பாத்தில் சேர்க்காது. "முதல் எண் நெய்பருடையதாக இருக்க வேண்டும்" என்ற சோதனை சிஸ்கோவில் இயல்பாகவே இருக்கும். அதை அந்த நெய்பருக்காக நிறுத்தாவிட்டால் ரூட் எதுவும் நிற்காது.

விருப்பத்தைச் சொல்வது

வடிகட்டி முடிந்ததும், ஏற்றுக்கொண்ட ரூட்டுக்கு முத்திரையும் லோக்கல் பிரிஃபரன்ஸும் (எந்த வழியை அதிகம் விரும்புகிறோம் என்று காட்டும் எண்) வையுங்கள். வாடிக்கையாளருக்கு 200, பியருக்கு 150, முதல் அப்ஸ்ட்ரீமுக்கு 100, இரண்டாவதுக்கு 90. பெரிய எண் வெல்லும். சொல்லாவிட்டால் 100. வாடிக்கையாளர் காசு தருகிறார், பியர் வழி இலவசம், அப்ஸ்ட்ரீமுக்கு நாம் காசு தருகிறோம். அந்த வரிசைதான் இது.

ஒரே முகவரிக்குப் பல வழி இருக்கும்போது ரூட்டர் முதலில் லோக்கல் பிரிஃபரன்ஸ் பார்க்கும். சமமாக இருந்தால் தானே உருவாக்கியதா என்று பார்க்கும், அப்புறம் ஏஎஸ் பாத்தின் நீளம், ஆரிஜின் (ரூட் பிஜிபிக்குள் எப்படி வந்தது), எம்இடி (பக்கத்து நெட்வொர்க் தரும் விருப்ப எண்), வெளி நெய்பரிடம் கேட்டதா உள் நெய்பரிடம் கேட்டதா என்று இறங்கிக்கொண்டே போகும். சிஸ்கோவில் இவை எல்லாவற்றுக்கும் முன் வெயிட் என்று ஒன்று உண்டு. அது அந்த ஒரு ரூட்டருக்குள் மட்டும் செல்லும் என்பதால் நான் தொடுவதில்லை. 100, 90 என்று வைத்தால் வெளியே போகும் டிராஃபிக்கில் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் சும்மா இருக்கும். இரண்டையும் பயன்படுத்த வேண்டுமென்றால் இரண்டுக்கும் 100 வைத்து, ஏஎஸ் பாத்தின் நீளமே முடிவு செய்யட்டும் என்று விடலாம்.

உள்ளே வரும் டிராஃபிக்கை நகர்த்துவதுதான் கடினம். அது மற்றவர்கள் எடுக்கும் முடிவு. நம் கையில் இருக்கும் வழி பிரிபெண்ட். இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் சொல்லும்போது நம் 64500ஐ இரண்டு மூன்று முறை கூடுதலாகச் சேர்த்து, பாதையை நீளமாகக் காட்டுவது. மின்னியல் சாலைக் கட்டணம் மாதிரி என்று தம்பியிடம் சொன்னேன். ஒரு விரைவுச்சாலையில் கட்டணத்தை ஏற்றினால் கார் ஓட்டுநர்கள் பலர் வேறு சாலைக்கு மாறுவார்கள். ஆனால் பேருந்து தன் தடத்தில்தான் போகும். 64502 தன் வாடிக்கையாளரான நமக்கு உயர்ந்த லோக்கல் பிரிஃபரன்ஸ் வைத்திருப்பார். அவர் பாத்தின் நீளம் வரை பார்க்கவே மாட்டார். எத்தனை முறை பிரிபெண்ட் செய்தாலும் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களின் டிராஃபிக் அந்த வழியாகவே வரும். அதைக் குறைக்க, அந்த அப்ஸ்ட்ரீம் வெளியிட்டிருக்கும் கம்யூனிட்டிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். "இந்த முத்திரையோடு சொன்னால் எங்கள் லோக்கல் பிரிஃபரன்ஸைக் குறைப்போம்" என்று பெரும்பாலும் ஒன்று இருக்கும். மூன்றுக்கு மேல் பிரிபெண்ட் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு யாருடைய எண்ணையும் சேர்க்காதீர்கள்.

திறக்கும் நாள்

நீங்களே உங்களை வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு காவல் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். பழைய சிஸ்கோவில் சேமிக்காமல், ரீலோட் இன் 10 என்று போட்டுவிட்டு வேலை பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

நெய்பர்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒவ்வொன்றைத் திறந்ததும் முதலில் அட்வர்டைஸ்ட் ரூட்ஸ், அதாவது நாம் அவரிடம் சொன்னவை, அப்புறம்தான் அவர் நமக்குச் சொன்னவை. பாலிசியில் ஏதாவது திருத்தினால் ஏற்கெனவே வந்த ரூட்டுகளுக்கு அது தானாகப் பொருந்தும் என்று எல்லா ரூட்டரிலும் எதிர்பார்க்க முடியாது. கிளியர் கட்டளையை சாஃப்ட் என்ற சொல்லோடு கொடுங்கள். அந்தச் சொல் இல்லாமல் கொடுத்தால் இணைப்பே விழுந்து மறுபடி ஏறும்.

நம் ரூட்டர் சொல்வதை மட்டும் நம்பாமல், லுக்கிங் கிளாஸ் (வேறொரு நெட்வொர்க்கின் ரூட்டுகளைக் காட்டும் பொதுத் தளம்) ஒன்றில் 203.0.113.0/24 வெளியே எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பாத்தின் கடைசி எண் 64500ஆக இருக்கிறதா? இரண்டு அப்ஸ்ட்ரீம் வழியாகவும் தெரிகிறதா? ஆர்பிகேஐ வேலிட் என்று வருகிறதா? அப்புறம், அறிவித்த பராமரிப்பு நேரத்திலேயே முதல் அப்ஸ்ட்ரீமை ஷட் செய்து, டிராஃபிக் முழுதும் இரண்டாவதுக்குப் போகிறதா என்று ஐந்து நிமிடம் கிராஃபைப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டவர்கள், கேபிள் அறுந்த நாளில்தான் இரண்டாவது வழி வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

தம்பி தன் சோதனை ரூட்டரில் இதையெல்லாம் எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. 64501ஐத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் வெளியே போகும் ரூட்டுகள் இரண்டே வரி: 203.0.113.0/24, 198.51.100.0/24. "மறுபக்கமும் பார்த்துவிட்டேன் அண்ணே, அங்கேயும் இதே இரண்டுதான்" என்றார். சரி, 64502ஐயும் திற என்றேன்.